கோப்பை மிச்சிகனிடம், தண்டனை யாரிடம்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை உலுக்கிய ‘சிக்னல்’ திருட்டு

2023 செப்டம்பர் 1. அமெரிக்காவின் ஈஸ்ட் லான்சிங் நகர ஸ்டேடியம். மிச்சிகன் ஸ்டேட் அணியும் சென்ட்ரல் மிச்சிகன் அணியும் மோதுகின்றன. மைதான ஓரத்தில், சென்ட்ரல் மிச்சிகன் கோச்சுகளோடு கோச்சாக, அதே அணியின் உடையில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அந்த இரண்டு அணிகளுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் மூன்றாவது ஓர் அணியின் ஊழியர். பெயர் கானர் ஸ்டாலியன்ஸ். வேலை பார்த்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். (மூன்று பெயரிலும் மிச்சிகன் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். மூன்றும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள்.)

அங்கே அவருக்கு என்ன வேலை? அடுத்த மாதமே மிச்சிகன் அணி, மிச்சிகன் ஸ்டேட்டை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

இந்த விவகாரத்தில் என்சிஏஏ தீர்ப்பு வர 2025 ஆகஸ்ட் ஆனது. அதற்குள் அந்த அணி தேசிய சாம்பியன் ஆகிவிட்டது. தலைமை கோச் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆடியவர்களில் பலர் கல்லூரியையே முடித்துவிட்டார்கள்.

என்ன விளையாட்டு இது?

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியை நினைக்க வேண்டாம். இது ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டம் என்பது ஏதோ இன்டர்-காலேஜ் போட்டி மாதிரி இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். இதையெல்லாம் மேற்பார்வை பார்ப்பது என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். விதி போடுவதும் விசாரிப்பதும் தண்டிப்பதும் அதன் வேலை.

ஆட்டம் சில விநாடிகள் நடக்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் முன்னால் ‘இப்போ இந்தத் திட்டம்’ என்று மைதான ஓரத்திலிருந்து கோச்சுகள் கைச் சைகையிலோ, படம் ஒட்டிய அட்டைகளிலோ வீரர்களுக்குச் சொல்வார்கள். கிரிக்கெட்டில் அடுத்த பந்து யார்க்கர் என்று பேட்ஸ்மேனுக்கு முன்கூட்டியே தெரிந்தால் எப்படி இருக்கும்? எதிரணியின் சைகை புரிந்தால் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

இதில் ஒரு விசித்திரம். சைகையைத் திருடுவது குற்றமே இல்லை! ஆட்டத்தின்போது எதிரே பார்த்துக் கண்டுபிடிக்கலாம். டிவி பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். ஆனால், அதே சீசனில் நீங்கள் மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு நேரில் ஆள் அனுப்பி வேவு பார்க்கக் கூடாது. சைகைகளைக் கருவி வைத்துப் படம் பிடிக்கவும் கூடாது. நேரில் போகத் தடை வந்தது 1994-ல். காரணம் செலவு. பணக்காரக் கல்லூரிகள் ஊர் ஊராக ஆள் அனுப்பும், வசதி இல்லாதவை என்ன செய்யும் என்ற கேள்வியில் பிறந்த விதி அது. நாட்டின் பணக்கார அணிகளில் ஒன்றே அதை மீறியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

52 ஆட்டங்கள், ஒரு குளம்

ஸ்டாலியன்ஸ் பெரிய பதவியில் இருந்தவர் இல்லை. கடற்படை அகாடமியில் படித்து, மரைன் படையில் கேப்டனாக இருந்தவர். 2022-ல் மிச்சிகனில் அவருக்கு ஆண்டுச் சம்பளம் 55,000 டாலர். செய்த காரியமும் சிம்பிள். எதிரணிகளின் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்குவார், தெரிந்தவர்களை அனுப்புவார். அவர்கள் கேலரியில் உட்கார்ந்து, ஆட்டத்தை விட்டுவிட்டு கோச்சுகளின் கைகளை போனில் படம் பிடிப்பார்கள். எந்தச் சைகைக்கு எந்தத் திட்டம் என்று பொருத்தினால் அகராதி ரெடி.

2021 முதல் 2023 வரை 13 எதிரணிகளின் 52 ஆட்டங்களில் 56 முறை இப்படி நடந்ததாக என்சிஏஏ சொன்னது. இந்த ஆட்களுக்கு அவர் வைத்த பெயர் ‘கேஜிபி’. சோவியத் உளவுத்துறையின் பெயரை வைத்துக்கொண்டவர், முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்கு டிக்கெட்டைத் தன் சொந்தப் பெயரிலேயே வாங்கியிருக்கிறார் என்பதுதான் இந்தக் கதையின் காமெடி.

2023 அக்டோபரில் விஷயம் வெளியே வந்தது. ஸ்டாலியன்ஸ் தன் போனைக் குளத்தில் வீசினார். நவம்பர் 3-ம் தேதி ராஜினாமா செய்தார். அடுத்த வாரமே மிச்சிகன் ஆடும் பிக் டென் லீக், தலைமை கோச் ஜிம் ஹார்பாவை மூன்று ஆட்டங்களுக்கு சஸ்பெண்ட் செய்தது. தனக்கு எதுவும் தெரியாது என்றார் ஹார்பா. அவர் இல்லாமலே அந்த மூன்றிலும் அணி ஜெயித்தது. 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று வீழ்த்தி, 15 ஆட்டங்களில் 15 வெற்றியோடு கோப்பையைத் தூக்கியது. அதே மாதம் ஹார்பா, லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குத் தாவினார். அங்கே என்சிஏஏ பேச்சு செல்லாது.

‘தடை விதிக்கலாம், ஆனால் விதிக்கவில்லை’

2025 ஆகஸ்ட் 15 தீர்ப்பில் நான்கு ஆண்டு கண்காணிப்பு, ஃபுட்பால் பட்ஜெட்டில் பத்து சதவீதம், இரண்டு சீசன்களின் பிந்தைய போட்டி வருமானம் என்று அபராதங்கள் அடுக்கப்பட்டன. மொத்தம் இரண்டு கோடி டாலரைத் தாண்டும் என்று அப்போதே கணக்குப் போட்டார்கள். நம்மூர் பணத்தில் 170 கோடி ரூபாய்க்கு மேல்.

ஸ்டாலியன்ஸுக்கு எட்டு ஆண்டு, ஹார்பாவுக்குப் பத்து ஆண்டு ‘ஷோ காஸ்’. நம் அலுவலகங்களில் ஷோ காஸ் என்றால் விளக்கம் கேட்டு வரும் ஒரு கடிதம். இங்கே அது வேறு. அந்த நபரை வேலைக்கு எடுக்கும் கல்லூரி என்சிஏஏ முன் போய்க் காரணம் சொல்ல வேண்டும். யாரும் அந்த ரிஸ்க்கை எடுக்க மாட்டார்கள், அதனால் கிட்டத்தட்ட தடைதான். முந்தைய ஒரு வழக்கின் ஷோ காஸ் இன்னும் முடியாததால், ஹார்பாவின் பத்து ஆண்டு 2028-ல்தான் தொடங்கும். முடியும்போது அவருக்கு வயது 74.

கோப்பை? அது மிச்சிகனிடமே இருக்கிறது. ஒரு வெற்றிகூடப் பறிக்கப்படவில்லை. பல ஆண்டுகள் பிந்தைய போட்டிகளில் ஆடவே தடை விதிக்கத் தகுந்த குற்றம்தான், ஆனால் அது சம்பந்தமே இல்லாத இன்றைய மாணவர்களைத் தண்டிப்பதாகிவிடும் என்றது விசாரணைக் குழு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மையில் நியாயமும்கூட. ஒஹையோ ஸ்டேட்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கே சில வீரர்கள் தங்கள் மோதிரம், ஜெர்சியை விற்றுக் காசும் இலவச டாட்டூவும் வாங்கினார்கள். தெரிந்தும் மறைத்த கோச் ஜிம் ட்ரெஸல் 2011-ல் விலகினார். தடை வந்து விழுந்தது 2012 சீசனில். புது கோச்சோடு அந்த ஆண்டு அணி 12 ஆட்டங்களில் 12-ஐயும் ஜெயித்தது. ஆனால் சாம்பியன் பட்டத்துக்கு ஆட முடியாது. டாட்டூ பக்கமே போகாத பையன்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள்.

இன்னும் கடுமையான கதை டல்லாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்துடையது. வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து மாட்டி, கண்காணிப்பில் இருக்கும்போதே மறுபடியும் கொடுத்தார்கள். 13 வீரர்கள், சுமார் 61,000 டாலர். 1987 சீசனை என்சிஏஏ முழுவதுமாக ரத்து செய்தது. 1988-லும் அணி களமிறங்கவில்லை. இதற்கு அங்கே ‘மரண தண்டனை’ என்றே பெயர். 1989 முதல் 2008 வரை இருபது சீசன்களில் ஒரே ஒன்றில்தான் தோல்விகளைவிட வெற்றிகள் அதிகம். அதற்குப் பிறகு எந்தப் பெரிய ஃபுட்பால் அணி மீதும் என்சிஏஏ இந்த ஆயுதத்தைத் தொடவில்லை.

ஆக, ஆடத் தடை போட்டால் அப்பாவிகள் அடிபடுகிறார்கள். அபராதம் போட்டால்? அதைக் கட்டுவது ஸ்டாலியன்ஸும் இல்லை, ஹார்பாவும் இல்லை. பல்கலைக்கழக விளையாட்டுத் துறை. நீச்சலுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் பணம் போவதும் அதே கல்லாவிலிருந்துதான்.

பெயர் கெட்டதா, இல்லையா?

டிவி கணக்கைப் பார்த்தால் இல்லை. சர்ச்சை உச்சத்தில் இருந்தபோது நடந்த அந்த 2024 இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் சுமார் இரண்டரைக் கோடிப் பேர் பார்த்தார்கள்.

பெயர் கெட்டது வேறு இடத்தில் என்று நினைக்கிறேன். ‘எல்லாரும் செய்றதுதானே, இவங்க மாட்டிக்கிட்டாங்க’ என்பது மிச்சிகன் ரசிகர்களின் வாதம். மற்ற ஊர் ரசிகர்களும் அதை முழுசாக மறுப்பதில்லை. காரணம், எது குற்றம் என்பதே அங்கே அடிக்கடி மாறுகிறது. தென் கலிஃபோர்னியா வீரர் ரெஜி புஷ், மாணவராக இருந்தபோது பணமும் சலுகைகளும் பெற்றதால், நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான 2005-ம் ஆண்டின் ஹைஸ்மன் கோப்பையை 2010-ல் இழந்தார். 2024-ல் அது திரும்ப வந்தது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. முதல் ஆண்டு உச்சவரம்பு, கல்லூரிக்கு 2.05 கோடி டாலர். மிச்சிகனின் அபராதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தண்டனையா செலவுக் கணக்கா என்று சந்தேகம் வரும்.

படிப்பு சம்பந்தப்பட்ட மோசடி இதைவிட மோசம் என்பேன். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகளாக வகுப்பே நடக்காத பாடங்களில் 3,100-க்கும் அதிகமான மாணவர்கள் மதிப்பெண் வாங்கினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். 2017-ல் என்சிஏஏ கைவிரித்தது: இந்தப் பாடங்கள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, வீரர்களுக்கு மட்டுமான சலுகை இல்லை, எங்கள் விதியில் இதற்கு இடமில்லை!

மிச்சிகனில் நிஜமாக இழந்தவர்கள் 2023-ல் ஆடிய பையன்கள். ஸ்டாலியன்ஸ் போன பிறகும் பென் ஸ்டேட், ஒஹையோ ஸ்டேட், அலபாமா என்று வரிசையாக ஜெயித்தவர்கள் அவர்கள். திருட்டுச் சைகை இல்லாமலே அந்தக் கோப்பையைத் தூக்கியிருப்பார்களா? ஆமாம் என்று நிரூபிக்கவும் வழி இல்லை, இல்லை என்று நிரூபிக்கவும் வழி இல்லை. அந்தச் சந்தேகத்தை எந்தத் தீர்ப்பும் துடைக்கவில்லை.

உருப்படியான தீர்வு ஒன்று வந்தது, அதுவும் தொழில்நுட்பத்தில். 2024 சீசனிலிருந்து, உயர்நிலைக் கல்லூரி ஆட்டங்களில் கோச்சின் குரல் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் நேரடியாகக் கேட்கலாம். தொழில்முறை லீக்கில் இந்த வசதி 1994-லேயே வந்துவிட்டது. கல்லூரிகள் நேரில் வேவு பார்க்கத் தடை போட்ட அதே ஆண்டு!

தீர்ப்பில் இன்னொரு பெயரும் இருந்தது. ஹார்பாவுக்குப் பிறகு தலைமை கோச்சான ஷெரோன் மூர். ஸ்டாலியன்ஸுடனான 52 மெசேஜ்களை அழித்ததற்காக, 2025-ல் பல்கலைக்கழகமே விதித்த இரண்டு ஆட்டத் தடையோடு, 2026 சீசனின் முதல் ஆட்டத்திலும் அவர் வெளியே உட்கார வேண்டும் என்றது என்சிஏஏ. 2025 டிசம்பரில், முற்றிலும் வேறொரு விவகாரத்தில், பல்கலைக்கழகம் அவரை வேலையை விட்டே நீக்கிவிட்டது. அந்த ஒரு ஆட்டத் தண்டனையை அனுபவிக்க இப்போது மிச்சிகனில் ஆள் இல்லை.