தாயம் விழாதவருக்கு ஒரு கணக்கு

எங்கள் சித்தப்பாவுக்குத் தாயம் விழாது. குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் இது. கோடை விடுமுறையில் திண்ணையில் கட்டம் வரைந்து உட்கார்ந்தால், மற்றவர்கள் காய் இறக்கி, நாலு வெட்டு வெட்டி, பழம் எடுக்கப் போகிற நேரத்தில்கூட அவர் கட்டையை உள்ளங்கையில் தேய்த்து உருட்டிக்கொண்டிருப்பார். விழுவது மூன்று. மறுபடியும் மூன்று. "இந்தக் கட்டைக்கு எம்மேல என்ன கோபமோ" என்பார். பாட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல், "கையக் கழுவிட்டு வாடா" என்பார்.

பின்னாளில் நிகழ்தகவு படித்தபோது, நான் முதலில் எடுத்துக்கொண்டது சித்தப்பாவின் வழக்கைத்தான்.

தாயக்கட்டை இரண்டு. நான்கு பட்டை கொண்ட நீளமான பித்தளைக் கட்டைகள். ஒரு பட்டையில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று; நான்காவது வெறும் பட்டை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, 2 விதமாகத்தான் வரும்: ஒரு கட்டை வெறுமையாகவும் மற்றது ஒற்றைப் புள்ளியாகவும் விழ வேண்டும். ஆக, எட்டில் ஒரு பங்கு. மூன்று விழ 4 வழிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழிதான். சித்தப்பாவுக்கு மூன்று மூன்றாக விழுந்ததில் கட்டையின் கோபம் எதுவும் இல்லை. யார் உருட்டினாலும் அதிகம் விழுவது மூன்றுதான்.

ஆனால் தாயத்தில் ஒரு வீச்சோடு முறை முடிவதில்லை. எங்கள் வீட்டு விதிப்படி 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஊருக்கு ஊர், ஏன், தெருவுக்குத் தெரு இந்த விதி மாறும் என்பதால் இங்கே சொல்வது எங்கள் திண்ணைக் கணக்கு. 16-இல் 4 விதங்களில் (5, 6, 12) தாயம் விழாவிட்டாலும் இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒருவருடைய முறையில் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்றிலிருந்து ஆறில் ஒன்றாக உயர்கிறது. சாதாரணப் பகடையை ஒருமுறை உருட்டி, குறிப்பிட்ட ஓர் எண் விழுவதற்கான வாய்ப்பும் இதே அளவுதான். இன்னும் ஒன்று: ஒரு முறையில் ஒருவர் சராசரியாக நகரும் தூரம் எவ்வளவு என்று பார்த்தால், ஒரு வீச்சுக்கு 3.75 கட்டம், முறைக்குச் சராசரியாக 1.6 வீச்சு, பெருக்கினால் துல்லியமாக 6. இந்த விதிகளை யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆடி ஆடி, அலுப்பூட்டிய விதி உதிர்ந்து, சுவையான விதி நிலைத்திருக்க வேண்டும்.

சரி, சித்தப்பா? முறைக்கு ஆறில் ஒன்று வாய்ப்பு என்றால், பத்து முறை உருட்டியும் ஒருவருக்குத் தாயமே விழாமல் போகும் வாய்ப்பு 16 சதவீதம். கொஞ்சமாகத்தான் தெரிகிறது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பது ஐந்து பேர். அந்த ஐவரில் யாராவது ஒருவராவது பத்துச் சுற்றுக்குப் பிறகும் தாயம் விழாமல் காத்திருக்கும் வாய்ப்பு 58 சதவீதத்துக்கும் மேல். அதாவது பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஒரு துரதிர்ஷ்டசாலி உருவாகியே தீருவார். யார் என்பது மட்டும்தான் கேள்வி. சித்தப்பாவுக்கு இரண்டு கோடையில் அப்படி நடந்தது, பேர் நிலைத்துவிட்டது. அவருக்கு முதல் முறையிலேயே தாயம் விழுந்த நாட்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மனித மனம் கணக்கு வைக்கும் லட்சணம் இது.

கட்டையோ எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒன்பது முறை விழவில்லை, அதனால் பத்தாவது விழுந்துதான் ஆக வேண்டும் என்று அதற்குத் தெரியாது. இந்த 'நினைவின்மை'க்குக் கணிதத்தில் ஒரு பெரிய இடம் உண்டு. ரஷ்யக் கணித அறிஞர் ஆந்த்ரே மார்கோவ் 1913-இல் புஷ்கினின் கவிதை நாவல் ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்தை அடுத்து மெய்யெழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அடுத்து என்ன நடக்கும் என்பது இப்போது இருக்கும் நிலையை மட்டுமே பொறுத்தது, எப்படி இங்கே வந்தோம் என்பதைப் பொறுத்ததல்ல என்று அமைந்த தொடர்களை இன்று மார்கோவ் சங்கிலி என்கிறார்கள். அதற்கு வகுப்பறையில் சொல்லும் மிக எளிய உதாரணம் எது தெரியுமா? வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் நம் பரமபதம்தான்.

பரமபதத்தில் ஆடுபவருக்குச் செய்ய எதுவும் இல்லை. உருட்ட வேண்டும், நகர்த்த வேண்டும், பாம்பு கடித்தால் இறங்க வேண்டும். அமெரிக்காவில் விற்கப்பட்ட நூறு கட்டப் பலகை ஒன்றை எடுத்து 1993-இல் மூன்று கணிதவியலாளர்கள் மார்கோவ் சங்கிலி முறையில் கணக்கிட்டார்கள். ஒருவர் தனியாக ஆடி முடிக்கச் சராசரியாக 39-க்குச் சற்று அதிகமான வீச்சுகள் தேவை. மிகக் குறைந்தது 7 வீச்சில் முடிக்கலாம். மூளைக்கு வேலை இல்லாத இந்த ஆட்டத்தை நான் சின்ன வயதில் மட்டமாக நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. நான்கு வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் சரிசமமாக மோதக்கூடிய இடம் வீட்டில் வேறு எங்கே இருக்கிறது? தாத்தா வேண்டுமென்றே தோற்க வேண்டியதில்லை. விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைத்தால் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

குழந்தைக்கு இதில் வேறொரு லாபமும் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ராமானி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் குறைந்த வீடுகளைச் சேர்ந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதிய பலகையில் ஆடக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே பலகை, எண்ணுக்குப் பதில் வண்ணம். இரண்டு வாரத்தில் கால்மணி நேர ஆட்டம் நான்கே தடவை. எண் பலகையில் ஆடியவர்களின் எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. 9 வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது குறையவில்லை. வண்ணப் பலகைக்காரர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பின்னர் நூறு எண் பலகையை வைத்து நடந்த ஆய்வில் ஒரு நுணுக்கம் தெரிந்தது: ஐந்தாம் கட்டத்தில் இருக்கும் குழந்தைக்கு இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று எண்ணி நகர்த்தினால் பயன் குறைவு; "ஆறு, ஏழு" என்று கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லி நகர்த்தினால்தான் எண்வரிசை மனதில் பதிகிறது. வீட்டில் பரமபதம் இருந்தால் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது சதுரங்கம். அதிர்ஷ்டத்துக்கு அங்கே அனுமதி இல்லை. ஈலோ தரப்புள்ளியில் 400 வித்தியாசம் உள்ள இருவர் 11 ஆட்டம் ஆடினால், பலசாலி 10 புள்ளி எடுப்பார் என்பதுதான் எதிர்பார்ப்பு. போட்டிக்கு இது நல்லது, வீட்டுக்கு ஆகாது. கணவன் நன்றாக ஆடி மனைவி சுமாராக ஆடினால் (அல்லது மாறி இருந்தால்) மூன்றாம் நாள் பலகை பரணுக்குப் போய்விடும்.

அதனால் ஓர் ஆட்டத்தை யாருடன் ஆடலாம் என்று முடிவு செய்வது அதில் அதிர்ஷ்டம் எத்தனை பங்கு, திறமை எத்தனை பங்கு என்கிற பதம்தான் என்பது என் கட்சி. தாயத்தில் அந்தப் பதம் அபாரம். கட்டை தருவது அதிர்ஷ்டம், எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில். தேர்ந்த ஆட்டக்காரர் எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் தன் காயை நிறுத்த மாட்டார். அங்கே நின்றால் முதல் வீச்சிலேயே வெட்டுப்பட நான்கில் ஒரு வாய்ப்பு. ஏழு முதல் பதினொன்று கட்டம் தள்ளி நின்றால் ஒரே வீச்சில் எவராலும் தொட முடியாது. முதலில் மறுவீச்சு அமைய வேண்டும், பிறகு சரியான எண்ணும் விழ வேண்டும். என் அத்தைக்கு இந்தச் சதவீதமெல்லாம் தெரியாது. ஆனால் அவர் காய் எப்போதும் எட்டாத தூரத்தில்தான் நிற்கும்.

பல்லாங்குழி இன்னும் விசித்திரம். பகடையே கிடையாது; எல்லா முத்தும் கண்ணெதிரே கிடக்கிறது. கணக்குப்படி அது சதுரங்கம் போன்ற திறமை ஆட்டம். ஆனால் ஒரு குழியை எடுத்துப் போட்டு, முடிந்த இடத்துக்கு அடுத்த குழியை எடுத்து மறுபடி போட்டு, இப்படியே போகும்போது கடைசி முத்து எங்கே விழும் என்று மூன்றாவது சுற்றுக்கு மேல் மனதால் தொடர முடிவதில்லை. குழிக்கு 5 வீதம் 14 குழிகளில் இருக்கும் 70 புளியங்கொட்டைகளை எத்தனை விதமாகப் பிரித்துப் போடலாம் என்று கணக்கிட்டேன்: 5 கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வருவதைவிட அதிகம். கண்ணெதிரே இருந்தும் காண முடியாத கணக்கு நமக்கு அதிர்ஷ்டமாகத் தெரிகிறது. குழியில் நான்கு சேர்ந்து பசு விழும்போது வரும் சந்தோஷம் அதனால்தான். பல்லாங்குழியின் ஆப்பிரிக்க உறவான அவாரியில் 12 குழி, 48 விதை. அதன் சாத்தியமான நிலைகள் ஏறத்தாழ 88,900 கோடி. 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைன், ஹென்றி பால் இருவரும் 144 செயலிகளை 51 மணி நேரம் ஓடவிட்டு எல்லாவற்றையும் அலசி முடித்தார்கள். இருவரும் பிழையில்லாமல் ஆடினால் சமநிலை என்பது விடை.

இரண்டே பேர், அதுவும் குணத்தில் மாறுபட்ட இருவர் என்றால் ஆடுபுலி ஆட்டத்தைச் சொல்வேன். கோயில் பிராகாரங்களின் கல்தரையில் இன்றும் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. இரு தரப்புக்கும் படையும் வேறு, குறிக்கோளும் வேறு: ஒருவர் பாய்ந்து தின்ன வேண்டும், மற்றவர் பொறுமையாகச் சுற்றி அடைக்க வேண்டும். பலகையில் 3 புலியும் 15 வரையிலான ஆடுகளும் நிற்கக்கூடிய விதங்கள் 184 கோடிதான். பல்லாங்குழியோடு ஒப்பிட்டால் கைக்கடக்கமான எண். இதன் நேபாள உறவு பாக்-சால். 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யூர்க் நீவெர்கெல்ட் இருவரும் அதன் நகர்த்தல் கட்டத்தில் எட்டரைக் கோடிக்கு மேற்பட்ட நிலைகளைக் கணினியில் பட்டியலிட்டு, ஆட்டம் முழுவதையும் தீர்த்தார்கள். அங்கேயும் முடிவு சமநிலை. பார்த்தால் புலியின் கை ஓங்கியதாகத் தோன்றும் ஆட்டம் அது.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். கட்டை தேய்ந்திருந்தாலோ, பட்டைகள் சமமாக இல்லாவிட்டாலோ மேலே சொன்ன கணக்கெல்லாம் பொய்த்துவிடும். அவர் சந்தேகம் நியாயமா என்று பார்க்க வழி இருக்கிறது. உங்கள் வீட்டுத் தாயக்கட்டையை எடுத்து 160 தடவை உருட்டி, தாயம் விழுந்த தடவைகளை மட்டும் கோடு போட்டு வாருங்கள். 20-ஐ ஒட்டி வர வேண்டும். 12-க்கும் 28-க்கும் இடையில் இருந்தால் கட்டையில் குறை சொல்ல முடியாது. அதைத் தாண்டினால் வேறு கட்டை வாங்கிவிடுங்கள்.