‘மந்தம்’ என்று முத்திரை குத்துமுன் காதைப் பாருங்கள்!

ஆஸ்திரேலியா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கங்காரு, கிரிக்கெட்! ஆனால், 50 ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக அங்கே வாழ்ந்துவரும் பழங்குடி மக்களைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்படுவதில்லை. ‘சித்த வைத்தியருக்கு அங்கே என்ன வேலை?’ என்று நினைக்கிறீர்களா? குழந்தையின் மூளை வளர்ச்சி எங்கெங்கே தடுக்கி விழுகிறது என்பதை இந்த மக்களின் அனுபவம் போல வேறெதுவும் சொல்லித் தராது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளில், பழங்குடிக் குழந்தைகளிடம் அறிவு வளர்ச்சிக் குறைபாடு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காணப்பட்டது. பெரும்பாலும் லேசான குறைபாடுதான். உடனே ‘பரம்பரை’ என்று சொல்லிவிட வேண்டாம். தடுக்கக்கூடிய காரணங்கள் நிறைய இருக்கின்றன.

முதல் காரணம், காது! 2001-ல் வட, மத்திய ஆஸ்திரேலியாவின் 29 ஊர்களில் இரண்டரை வயதுக்குட்பட்ட 709 பழங்குடிக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். 91 சதவீதம் பேருக்கு நடுக்காதில் ஏதாவது ஒரு கோளாறு. நெரிசலான வீடு, சிகரெட் புகை, அடிக்கடி சளி... கிருமி பிறந்த சில மாதங்களிலேயே காதுக்குள் குடியேறிவிடுகிறது. பல குழந்தைகளுக்கு வலியே இருக்காது. அதனால் தாய்க்கும் தெரியாது. செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் தேங்கி, தண்ணீருக்குள் மூழ்கிக் கேட்கிற மாதிரிதான் குழந்தைக்குப் பேச்சு கேட்கும். பேச்சு மொழி உருவாகிற பருவமே இதில் வீணாகிப் போகிறது.

இந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போனால்? வீட்டில் பேசுவது தன் இன மொழி. டீச்சர் பேசுவது ஆங்கிலம். அதுவும் பாதிதான் காதில் விழும். அறிவுத்திறன் சோதனையும் நகரத்துப் பிள்ளைகளுக்காகத் தயாரித்ததுதான். மார்க் குறையாமல் என்ன செய்யும்? இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நிஜமாகவே அறிவுக் குறைபாடு உள்ள குழந்தையை, ‘அதுக்கு காது சரியில்லை, அவ்வளவுதான்’ என்று விட்டுவிடுவதும் உண்டு.

(நம் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: சீழ் வடிகிற காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்விடும். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!)

பெண்கள் எடுத்த முடிவு

அடுத்தது மது. கர்ப்பிணி குடித்தால் சிசுவின் மூளை நேரடியாகப் பாதிக்கப்படுகிறது. ஞாபகசக்தி, நிதானம், கணக்கு, பேச்சு எல்லாமே அடிபடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கில் 2007-ல் பழங்குடிப் பெண்களே கிளம்பி, கடைகளில் கடுமையான மது விற்பனைக்குத் தடை வாங்கினார்கள். ‘எங்கள் பிள்ளைகளைப் பரிசோதியுங்கள்’ என்று டாக்டர்களை அழைத்ததும் அவர்கள்தான். 2002, 2003-ல் பிறந்த 108 குழந்தைகளைப் பார்த்ததில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மதுவால் வந்த பாதிப்பு. இந்த உண்மையை மறைக்காமல் வெளியே சொன்ன அந்தத் தாய்மார்களின் துணிச்சல் சாதாரணமானதா? இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மதுவையே தொடாதவர்களின் விகிதம், மற்ற ஆஸ்திரேலியர்களைவிட பழங்குடிகளிடம்தான் அதிகம்.

நம் ஊரில் ‘நாங்க எங்கே சார் குடிக்கிறோம்?’ என்பீர்கள். சரி, அரிஷ்டம்? புளிக்க வைத்துத் தயாரிப்பதால் அதில் ஆல்கஹால் தானாகவே உண்டாகும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இந்தப் பாதிப்பைச் சின்ன வயதில் கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகும்? பெர்த் நகரில் ‘பாங்க்ஸியா ஹில்’ என்ற சிறார் காவல் இல்லத்தில் 99 பேரைப் பரிசோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். 36 பேருக்கு மதுவால் வந்த மூளைப் பாதிப்பு. அது முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது இரண்டே பேருக்கு! அந்த 99 பேரில் முக்கால்வாசிப் பேர் பழங்குடிப் பிள்ளைகள். போலீஸ்காரர் கேட்ட கேள்வி புரியாமலே எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று தலையாட்டுகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

‘அப்படியானால் பெற்றோர் ஏன் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை?’ என்று கேட்கத் தோன்றும். 20-ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள், அரசாங்கமே பழங்குடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போனது. 2008-ல்தான் பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். ‘பிள்ளைக்குக் குறைபாடு’ என்று ஃபாரத்தில் எழுதினால் பறித்துவிடுவார்களோ என்ற பயம் பாட்டியிடமிருந்து பேத்தி வரை வந்திருக்கிறது. தவிர, அவர்களின் பல மொழிகளில் ‘ஊனம்’ என்பதற்குத் தனி வார்த்தையே கிடையாது. அந்தப் பிள்ளையும் குடும்பத்தில் ஒருவர், அவ்வளவுதான். அருமையான மனசு! ஆனால், அரசு உதவி கிடைக்க டாக்டர் சான்றிதழ் கேட்கிறார்கள். ஸ்பெஷலிஸ்ட் இருப்பதோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி.

பெரியவர்கள் ஆன பிறகும் கஷ்டம்தான். பழங்குடிகளுக்குச் சர்க்கரை, சிறுநீரக நோய் இளவயதிலேயே வருகிறது. ‘வலிக்குது’ என்று சொல்லத் தெரியாதவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்வார். ‘அது அப்படித்தான் செய்யும்’ என்று விட்டுவிடுவார்கள். பார்த்தால் சொத்தைப் பல்!

இதற்காகவே 2007-லிருந்து ஆஸ்திரேலியாவில், அறிவுக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருஷாந்திரப் பரிசோதனையை அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்த்திருக்கிறார்கள். இப்படிப் பரிசோதித்தபோது, அதுவரை விட்டுப்போன காது பரிசோதனை, தடுப்பூசி, பெண்களுக்கான புற்றுநோய் சோதனை எல்லாம் பலருக்கு நடந்தன. உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒருவர் இருந்தால், வருஷம் ஒரு முறை காது, கண், பல், தைராய்டு, சர்க்கரை, எடை, மலச்சிக்கல் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் டாக்டரிடம் எடுத்துக் காட்டுங்கள். போகும்போது, அவரைத் தினமும் கவனித்துக்கொள்பவர் கூடப் போவது அவசியம். எப்போதும் இல்லாமல் திடீரென்று அடம், அழுகை என்றால் வருஷ முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே காட்டுங்கள்.