நுரையீரலுக்குத் தனி பிபி

பெங்களூரு வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கையில் பிபி பார்த்தால் 120/80. எக்கோ ரிப்போர்ட்டிலோ நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகம் என்கிறார்கள். எது சரி?"

இரண்டுமே சரியாக இருக்கலாம். கையில் பட்டை கட்டி அளப்பது இதயத்தின் இடப்பக்கம் தள்ளும் ரத்தத்தின் அழுத்தம். வலப்பக்கம் நுரையீரலுக்குத் தள்ளுவது வேறு சுற்று. அங்கே சராசரி 20 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அதிகம்தான். எக்கோ சொல்வது மதிப்பீடு. உறுதி செய்ய இதயத்துக்குள் கதீட்டர் விட்டுத்தான் அளக்க வேண்டும்.

ஏன் ஏறுகிறது? உடம்பில் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக்குழாய் விரியும். நுரையீரலில் மட்டும் சுருங்கும். ஸ்வீடனின் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946-இல் பூனைகளிடம் இதைக் கண்டார்கள். சளி அடைத்த மூலைக்கு ரத்தம் போய் என்ன பயன்? குழாய் உடைந்த தெருவின் வால்வை மூடி, அடுத்த தெருவுக்குத் தண்ணீரைத் திருப்பும் பெங்களூரு வால்வ்மேனின் புத்தி அது. ஊரில் எல்லாத் தெருவுக்கும் மூடிவிட்டால்? நூறு கிலோமீட்டர் தள்ளி தொரேகாடனஹள்ளியில் காவிரியை ஏற்றும் பம்பு திணறும். அந்தப் பம்புதான் வலது கீழறை. மாதக்கணக்கில் மூடிக்கிடந்த வால்வு துருவேறி இறுகுவதுபோல, குழாய்ச் சுவரில் தசை தடித்துவிடும். பிறகு ஆக்சிஜன் கொடுத்தாலும் முழுசாகத் திறக்காது. ஆக்சிஜன் குறைந்த 5,800 மீட்டர் உயரத்துக்கு மேல் வாரக்கணக்கில் காவல் இருந்த நம் ராணுவ வீரர்களுக்கு வலது இதயம் பெருத்து உடம்பு வீங்கியதை 1990-இல் வெளியான ஆய்வு சொன்னது. நல்லவேளை, கீழே இறங்கியதும் தேறிவிட்டார்கள்.

இந்த நோயோடு தொடர்புடைய பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணு 2000-இல் கிடைத்தது. குழாய்ச் சுவரின் செல்கள் கட்டுமீறி வளராமல் பிடித்து நிறுத்துவதில் அதற்குப் பங்குண்டு. வளர்ச்சிக்கும் தடைக்கும் இடையிலான சமநிலையைச் சீராக்கும் சோடாடர்செப்ட் ஊசிக்கு 2024-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அருமையான வேலை. ஆனால், "மூலகாரணம் சிக்கியது" என்ற தலைப்புச் செய்திகளை நான் நம்பமாட்டேன். அந்த மரபணு விளக்குவது அரிய வகை ஒன்றை மட்டும்தான்.

கேரளத்தில் சுமார் 2,000 நோயாளிகளைப் பதிவு செய்து பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம் இடப்பக்க இதயம். நம் ஊரில் அதற்கு ஒரு பழைய வழி உண்டு. சின்ன வயதில் தொண்டைவலி, அதைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல், ஆண்டுகள் கழித்து மைட்ரல் வால்வின் இதழ்கள் ஒட்டிப்போதல். இடப்பக்கம் போக வழியில்லாத ரத்தம் நுரையீரலில் தேங்கும். பெங்களூரு ஜெயதேவா மருத்துவமனையில் தொடை வழியே பலூனைக் கொண்டுபோய் அந்த வால்வை விரிக்கிறார்கள்; நுரையீரல் அழுத்தம் அந்த மேசையிலேயே இறங்கத் தொடங்குவதைத் திரையில் பார்க்கலாம். எந்த மரபணுச் செய்தியையும்விட எனக்கு இது பெரிது.

அதனால் காரணம் தேடும்போது முதலில் வால்வு, அடுத்து நுரையீரல், பிறகு நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று பார்க்கும் வி.க்யூ. ஸ்கேன். கடைசியில் சொன்னதைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். கரையாமல் குழாயோடு ஒட்டிப்போன பழைய ரத்தக்கட்டியை அதுதான் காட்டிக்கொடுக்கும். உடம்பைச் சுமார் 20 டிகிரிக்குக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி, அந்தக் கட்டியைக் குழாயின் உள்தோலோடு உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சை பெங்களூருவிலேயே நாராயணா மருத்துவமனையில் நடக்கிறது.