நேர்முகத் தேர்வில் கேட்கத் தகாதவை, கொடுக்கத் தகாதவை

நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாவது என்றால் நல்ல உடை, தடுமாறாத ஆங்கிலம், நிமிர்ந்த அமர்வு என்ற அளவிலேயே பெரும்பாலான வழிகாட்டுதல்கள் நின்றுவிடுகின்றன. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கங்களிலிருந்து மதுரை கோ.புதூரிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தின் தனியார் துறை முகாம்களுக்கும், இலந்தைக்குளம், வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கும் கோப்பும் கையுமாக வரும் இளைஞர்களுக்கு விடை சொல்லும் கலை கற்பிக்கப்படுகிறதே அன்றி, எந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கடமையில்லை, எதைக் கொடுத்துவிட்டு வரக்கூடாது என்பவை கற்பிக்கப்படுவதில்லை.

பயிற்சி என்ற வகையில் தேவைப்படுவது சிறிதே. பயோடேட்டாவில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். செய்யாத புராஜெக்டைச் செய்ததாக எழுதியவர் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார். அசல் சான்றிதழ் காட்டுவதற்கு, ஜெராக்ஸ் கொடுப்பதற்கு என்ற பிரிப்பு கோப்பிலேயே இருப்பது நல்லது. சம்பளப் பேச்சில் வரும் 'சி.டி.சி.' என்பது ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவாகும். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு போன்றவையும் அதற்குள் சேர்க்கப்படுவதால், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் தொகை மாதந்தோறும் கைக்கு வராது என்பதை அறிந்து, பிடித்தம் போக எவ்வளவு வரும் என்று அங்கேயே கேட்டுவிடுவதில் கூச்சம் வேண்டியதில்லை.

கேட்கத் தகாத கேள்வியின் எல்லையை நீரா மாத்தூர் வழக்கு காட்டுகிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் எழுத்துத் தேர்வையும் நேர்முகத் தேர்வையும் கடந்து பணியில் சேர்ந்த அவர், பேறுகால விடுப்பு எடுத்த பின்னர், தகுதிகாண் பருவத்திலேயே, அதாவது பணி உறுதியாவதற்கு முந்தைய சோதனைக் காலத்திலேயே, நீக்கப்பட்டார். சேரும்போது நிரப்பிய படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதியைப் பொய்யாகக் குறித்தார் என்பதே கழகம் சொன்ன காரணம். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தச் சொன்னதோடு, மாதவிடாய், கருவுற்ற எண்ணிக்கை முதலியவற்றைக் கேட்ட கட்டங்களையே படிவத்திலிருந்து நீக்கச் சொன்னது. படிவத்தில் கேட்கக் கூடாததை மேசைக்கு எதிரே அமர்ந்து "கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது" என்று வாயால் கேட்கலாம் என்பதற்கு நியாயம் ஏதுமில்லை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு ஆட்சேர்ப்பில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது; எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு முன்நிபந்தனையாக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநரை வேலையில் ஒதுக்குவதை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கின்றன. தகாத கேள்வி வரும்போது, அந்த வேலையின் நேரமும் பொறுப்பும் தமக்கு ஏற்றவையே என்று பேச்சை வேலையின் பக்கம் திருப்பிவிடுவதே பெரும்பாலும் போதுமானது.

தென் மாவட்டங்களில் வேறொரு விசாரணையும் உண்டு. "சொந்த ஊர் எது?" என்று தொடங்கி, "ஊரில் எந்தத் தெரு?", "அப்பா பெயர் என்ன?" என்று நகரும் அந்தப் பேச்சு, சாதியைப் பெயர் சொல்லாமல் கேட்பதன்றி வேறில்லை. இது கிராமத்துப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெருநிறுவன மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றையே பார்ப்பதாகச் சொன்னவர்களே 'குடும்பப் பின்னணி' பற்றித் தவறாமல் கேட்பதாகவும் சொன்னார்கள். இங்கே சட்டத்தின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: வேலையில் சம வாய்ப்பளிக்கும் அரசமைப்பின் 16ஆம் உறுப்பு அரசு வேலைக்கே பொருந்துவது, தனியார் ஆட்சேர்ப்பில் சாதிப் பாகுபாட்டைப் பொதுவாகத் தடை செய்யும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

இடர்களில் பெரியது, வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுத்து ஏமாறுவது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 பணிகளுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. மத்திய அரசிலும் அரசிதழ் பதிவு பெறாத 'பி' பிரிவுக்கும் 'சி' பிரிவுக்கும் 2016 ஜனவரி 1 முதல் அது கைவிடப்பட்டது. அத்தகைய பணிக்கு "இன்டர்வியூ போர்டுல நம்ம ஆளு இருக்காரு" என்று மாட்டுத்தாவணி டீக்கடையில் பேரம் பேசும் தரகர், இல்லாத தேர்வுக்கு விலை சொல்கிறார். வெளிநாட்டு வேலையில் ஆபத்து இன்னும் கொடியது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' வேலை என்று ஆசைகாட்டி, தகவல் தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்களை மியான்மருக்குக் கடத்தி இணைய மோசடியில் ஈடுபடுத்துவதாக 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டவரும் இருந்தனர். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற்ற முகவரே வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க முடியும்; அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்ச வரம்பு உண்டு. உரிம எண்ணை 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்ப்பது சில நிமிட வேலை.

பணத்தைப் போலவே கையெழுத்தையும் யோசிக்காமல் கொடுக்கக் கூடாது. 'பாண்டு' என்பது, குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் ஒரு தொகை செலுத்துவதாக வேலையில் சேர்பவர் எழுதித் தரும் ஒப்பந்தம். பாண்டு எல்லாம் செல்லாது என்று விடுதிகளில் உலவும் பேச்சு தவறு: விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் முன்கூட்டியே விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே படிக்காமல் கையெழுத்திடுவது கூடாது.

இணையவழி வேலை மோசடியில் பணத்தை இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை எவ்வளவு விரைவில் அழைக்கிறாரோ, அந்தத் தொகை அடுத்த கணக்குக்குப் போகாமல் முடக்கப்படும் வாய்ப்பு அவ்வளவு கூடும். அரசுத் தேர்வில் ஐயம் எழுந்தால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு செய்யலாம். 30 நாட்களில் விடை வர வேண்டும். கேரளத் தேர்வாணைய வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணைத் தரலாம், மதிப்பீட்டாளர்களின் பெயரைத் தரத் தேவையில்லை என்று வரையறுத்தது. அதன் பிறகும் முறைகேடு தெரிந்தால், 2004 முதல் இயங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 226ஆம் உறுப்பின்கீழ் ரிட் மனு தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கோரலாம். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் அதற்காக வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை.