பிரஷ் விற்கிறோம், பல் சுத்தம் பற்றியும் பேசுவோமே!

மளிகைக் கடையானாலும், பேன்ஸி ஸ்டோரானாலும், மருந்துக் கடையானாலும் டூத் பிரஷ் தொங்காத கடை கிடையாது. அட்டையோடு வாங்கி ஆணியில் மாட்டிவிட்டால் அது பாட்டுக்கு விற்றுக்கொண்டிருக்கும். சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கும் அல்ல, இடத்தையும் அடைக்காது. ஆகவே அதைப் பற்றி வாடிக்கையாளரிடம் நாம் வாய் திறப்பதே இல்லை. "என்ன விலையில் வேண்டும்?" என்று கேட்பதோடு வியாபாரம் முடிந்துவிடுகிறது. அரிசியைப் பற்றி, பருப்பைப் பற்றி, எண்ணெயைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற நாம், தினமும் காலையில் வாய்க்குள் போகிற ஒரு பொருளைப் பற்றி நாலு வார்த்தை தெரிந்துவைத்திருப்பது நல்லதுதானே.

முதலில் ஒரு கணக்கு. மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு மாதத்துக்கு ஒரு முறை பிரஷ்ஷை மாற்ற வேண்டும் என்பது பல் டாக்டர்கள் சொல்வது. நார் அதற்கு முன்பே விரிந்து விளக்குமாறு மாதிரி ஆகிவிட்டால் அப்போதே மாற்ற வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு பிரஷ் வருகிறது. நம் பற்று வரவு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்த வீட்டில் அத்தனை வாங்குகிறார்கள்? வியாபாரத்தைப் பெருக்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம். விரிந்த நார் பல்லின் இடுக்கில் போகாது, ஈறு ஓரத்தில் நிற்காது. அதனால் தேய்ப்பது தேய்க்காததற்குச் சமம்.

பிரஷ் அழுக்காவதற்கு முக்கியக் காரணம் ஈரம். வாயில் எப்போதும் கிருமிகள் உண்டு; அது இயற்கை. பல் துலக்கும்போது அவற்றில் கொஞ்சம் நாரில் ஒட்டிக்கொள்ளும். நார் காய்ந்துவிட்டால் பெரும்பாலானவை நிற்காது. ஈரமாகவே மூடி வைத்தால் பெருகும். 1938-ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் நைலான் நாரில் பிரஷ் வருவதற்கு முன்பு பன்றி முடியில்தான் பிரஷ் செய்துகொண்டிருந்தார்கள். அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. (சைவக்காரர்கள் அன்றைக்கு வேப்பங்குச்சியை விடாமல் இருந்ததில் நியாயம் இருக்கிறது!) நைலான் சீக்கிரம் காயும். ஆனால் காய்வதற்கு நாம் இடம் கொடுத்தால்தானே?

ஆகவே செய்ய வேண்டியது மிகச் சுலபம். துலக்கி முடித்ததும் குழாய்த் தண்ணீரில் பிரஷ்ஷைக் காட்டி, நாரின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து, பேஸ்ட் மிச்சம் போகும்படி அலச வேண்டும். இரண்டு உதறு உதறி, தலை மேலே இருக்கும்படி நிறுத்தி, காற்றுப் படும் இடத்தில் வைக்க வேண்டும். பலர் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் குடும்பத்தினர் அத்தனை பேர் பிரஷ்ஷும் தலையோடு தலை உரசிக்கொண்டு நிற்கும். அந்த டம்ளரின் அடியில் பார்த்தால் பாசி பிடித்த தண்ணீர் தேங்கியிருக்கும். டம்ளரை வாரம் ஒரு முறையாவது கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஓட்டைகள் தனித்தனியாக உள்ள ஸ்டாண்டு நம் கடைகளிலேயே சகாய விலையில் கிடைக்கிறது. அதில் வைத்தால் ஒன்றோடொன்று உரசாது.

பிரஷ்ஷுக்கு மாட்டும் சிறு மூடியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பிரயாணத்துக்கு அது சரி. அதிலும் காற்றுப் போகத் துளை உள்ளதாகப் பார்த்துக் கொடுங்கள். வீட்டில் தினமும் மூடி வைப்பது ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான். "மூடாவிட்டால் கரப்பான் பூச்சி ஏறுகிறதே" என்று பெண்மணிகள் சொல்வது உண்மை. பேஸ்ட்டின் இனிப்புக்கு அது வரத்தான் செய்யும். சாக்கடைத் துளைக்கு அருகிலும் தொட்டி மேலும் வைக்காமல், கண்ணாடிக்குப் பக்கத்தில் உயரமாகத் தொங்கவிடும் ஸ்டாண்டில் வைத்தால் தொல்லை குறையும். பேஸ்ட் மிச்சமில்லாமல் அலசுவதும், காலையில் உபயோகிக்கும் முன் இன்னொரு முறை அலசுவதும் நல்லது. குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாக உள்ள வீடுகளில் தண்ணீர் திறந்துவிடும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கும். மூடி உள்ள கோப்பையானால் மூடிவிட்டுத் திறக்கலாம். பிரஷ்ஷை அறைக்கு வெளியே வைப்பது இன்னும் மேல்.

சிலர் பிரஷ்ஷைக் கொதிக்கும் தண்ணீரில் போடுகிறார்கள், சிலர் கிருமிநாசினித் திரவத்தில் ஊற வைக்கிறார்கள். இரண்டும் வேண்டியதில்லை. கொதிநீரில் நார் வளைந்துவிடும். தரை துடைக்கிற, காயம் கழுவுகிற திரவம் வாய்க்குப் போகக் கூடாது. நல்ல தண்ணீரில் அலசிக் காய வைப்பதே போதும். மழைக் காலத்தில் காயவில்லை என்றால் ஆளுக்கு இரண்டு பிரஷ் வைத்துக் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் உபயோகிப்பது கூடவே கூடாது. அண்ணன் தம்பி, கணவன் மனைவி என்ற கணக்கு இதில் இல்லை. ஈறில் கசியும் ரத்தத்தின் வழியாக மஞ்சள் காமாலையில் பி வகை போன்ற நோய்கள் பரவ வழி உண்டு. ஊரிலிருந்து வரும் விருந்தாளிக்கு என்று ஒரு புதிய பிரஷ் வீட்டில் இருந்தால் இந்தச் சங்கடமே வராது. எல்லோருக்கும் ஒரே கலரில் அரை டஜன் வாங்குகிறவரிடம், ஆளுக்கொரு கலராக எடுத்துக்கொள்ளும்படி நாம் சொல்லலாம். மாறிப்போவதில் பாதி இதனால்தான்.

"ஹார்டாகக் கொடுங்கள், அப்போதுதான் அழுக்குப் போகும்" என்று கேட்கிறவர்கள் இன்னும் உண்டு. குறிப்பாக வெற்றிலை, புகையிலை போடுகிற பெரியவர்கள். பாத்திரம் தேய்க்கிற கணக்கு பல்லுக்குப் பொருந்தாது. முரட்டு நாரால் அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும், பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரியும், பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். சாஃப்ட் பிரஷ்தான் எல்லோருக்கும் ஏற்றது. ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சற்றுச் சாய்வாக வைத்து, லேசாகச் சின்னச் சின்ன வட்டமாக இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். உள்பக்கத்தையும் கடைசிக் கடைவாய்ப் பல்லையும் விடக் கூடாது. பல் இடுக்குக்கு நூல் வந்திருக்கிறது, ஃப்ளாஸ் என்பார்கள். ஊசி, குண்டூசி, தீக்குச்சி இவற்றுக்கு அது எவ்வளவோ மேல்.

நம்மவர்களுக்குக் காலைப் பழக்கம் உண்டு, இரவுப் பழக்கம் இல்லை. உண்மையில் இரவில் துலக்குவதுதான் அதிகப் பலன் தரும். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும். பல்லைக் கழுவிக்கொண்டே இருப்பது அந்த உமிழ்நீர்தான். அது இல்லாத ஏழெட்டு மணி நேரமும் பல்லில் ஒட்டிய மாவும் சர்க்கரையும் அங்கேயே புளித்து அமிலமாகிப் பல்லை அரிக்கும். குழந்தைக்குப் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்க வைப்பதால் முன் பற்கள் சொத்தையாவது இதனால்தான்.

பேஸ்ட் எவ்வளவு என்பதிலும் குழப்பம் இருக்கிறது. விளம்பரத்தில் நார் முழுவதும் அலை அலையாகப் பிதுக்கிக் காட்டுகிறார்கள். அது பேஸ்ட் விற்பதற்கான படம்! பெரியவர்களுக்கே பட்டாணி அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. பெரியவர்கள் பக்கத்தில் நின்று துலக்கிவிட்டுத் துப்ப வைக்க வேண்டும். பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடு சொத்தையைத் தடுக்கும். விழுங்கிக்கொண்டே இருந்தால் கெடுதி. நம் நாட்டில் ஃப்ளோரைடு பேஸ்ட்டில் அது 1000 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், அந்த அளவையும் காலாவதி தேதியையும் டியூபிலும் அட்டைப் பெட்டியிலும் அச்சிட வேண்டும் என்பதும் விதி. ஸ்கீமில் மொத்தமாக எடுத்து அடுக்கி வைக்கும் நண்பர்கள் அந்தத் தேதியைப் பார்த்துப் பழைய சரக்கை முன்னால் தள்ள வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இதில் வேறொரு பிரச்சினை உண்டு. அங்கே நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தண்ணீர் வருவதற்கு முன் வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். "இதைப் போக்க என்ன பொடி இருக்கிறது?" என்று கேட்பார்கள். பல் தாடைக்குள் உருவாகும்போதே சேர்ந்த கறை அது. எந்தப் பேஸ்ட்டும், எந்தப் பொடியும் அதைப் போக்காது. செங்கல் பொடி, கரித்தூள், மணல் என்று போட்டுத் தேய்த்தால் கறை போகாது, மேற்பூச்சுதான் தேயும். "டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்புவதே நாணயம். வெண்மை தருவதாக நோட்டீஸ் ஒட்டிய டப்பாவைத் தலையில் கட்டினால் ஒரு முறை விற்கும், வாடிக்கை போய்விடும்.

பொடி என்று வரும்போது ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். புகையிலை கலந்த பல்பொடியையும் பேஸ்ட்டையும் தயாரிக்கவும் விற்கவும் மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. அந்தத் தடையை 1997-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. முகவரி இல்லாத, பாட்ச் நம்பர் இல்லாத பொட்டலத்தைக் கூடுதல் கழிவு கிடைக்கிறது என்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனிச் சொல்லப் போவதை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கடை அலமாரியைப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுகிறோம். எலி மருந்தில் பேஸ்ட் வகை ஒன்று உண்டு. டியூபில் வரும், பிதுக்கினால் பல் பேஸ்ட் மாதிரியே இருக்கும். குளியலறை மாடத்தில் வைத்த அந்த டியூபை அரைத் தூக்கத்தில் எடுத்துப் பல் துலக்கி உயிரிழந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். குழந்தைகளும் அதில் உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பேஸ்ட் ஈரலைத் தாக்கும். முதலில் வாந்தி, வயிற்று வலி வரும். பிறகு ஓரிரு நாள் தேறிவிட்டதுபோல் தோன்றும். "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்காரர்கள் இருந்துவிடுவார்கள். அதன் பிறகுதான் காமாலையும் ஈரல் செயலிழப்பும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. வாயில் பட்டது தெரிந்த அந்த நிமிடமே, உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்றாலும், டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்த மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட் தடை செய்யப்பட்ட சரக்கு. எந்த மூலையிலாவது பழைய டியூப் கிடந்தால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். யார் கேட்டாலும், எந்த லைன் வண்டி கொண்டுவந்தாலும் வேண்டாம். அனுமதி உள்ள மற்ற எலி மருந்து, பினாயில், பூச்சி மருந்து ஆகியவற்றையும் பேஸ்ட், பிரஷ், சோப்பு வைக்கும் தட்டில் வைக்காதீர்கள். ஒரே பையில் போட்டுக் கொடுக்காமல் தனிப் பொட்டலம் கட்டுங்கள். ஒரு பை அதிகம் செலவாகும், ஆகட்டும்.

டியூபின் அடியில் உள்ள சின்ன கலர்க் கோட்டைப் பற்றியும் ஒரு புரளி உலவுகிறது. பச்சை என்றால் மூலிகை, கறுப்பு என்றால் ரசாயனம் என்று சொல்லி, கடையில் டியூபைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். அது டியூபை எங்கே வெட்டி ஒட்டுவது என்று மெஷினுக்குக் காட்டும் அடையாளக் கோடுதான். உள்ளே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கல்லாவில் உட்காரும் நம் பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறக்கும் வரை டீ, காபி என்று வந்துகொண்டே இருக்கும். மொத்தமாக எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைக் கெடுக்கும். குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தால் பாதித் தொல்லை தீரும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. பல் துலக்கும்போது ரத்தம் வருவது, ஈறு வீக்கம், வாய் நாற்றம் இவற்றை வயதின் மேல் போட்டுச் சும்மா இருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு இருந்தால், பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாள் கடையை அடைத்தாவது டாக்டரைப் பார்க்க வேண்டும். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பல மாவட்ட, தாலுகா அரசு ஆஸ்பத்திரிகளிலும் பல் பிரிவு உண்டு.

பல் வலி என்று வருகிறவருக்குக் கிராம்புத் தைலம் கொடுக்கிறோம். அது கொஞ்ச நேரம் வலியை மரக்க வைக்கும், அவ்வளவே. வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைத்துக்கொள்ளச் சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும், அது சதையை வெந்துபோகச் செய்யும்.

விலையில் ஒரு நல்ல செய்தி உண்டு. டூத் பிரஷ், பேஸ்ட், பல் இடுக்கு நூல் இவற்றுக்கு 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 22-9-2025 முதல் 5 சதவீதம். 12 சதவீதமாக இருந்த பல்பொடிக்கும் 5 சதவீதம்தான். அந்தக் குறைவு வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், ஆண்டுக்கு ஒரு பிரஷ் வாங்குகிற வீட்டில் இரண்டாவதாகவும் ஒன்று வாங்குவார்கள்.