நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைப் பட்டினி போடாதீர்கள்

எருமை கன்று போட்டதும் பால் குடிக்க விடலாமா என்று கேட்டால், "முதலில் நஞ்சுக்கொடி விழட்டும், அதற்குமுன் மடியைத் தொடக்கூடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் ஒன்றிரண்டு எருமைகளை நம்பிப் பிழைக்கும் நம் குடும்பங்களிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. பெரியவர்கள் மீது மரியாதை குறையாமலே சொல்கிறோம்: இந்தக் காத்திருப்புதான் பல கன்றுகளின் உயிரைக் குடிக்கிறது.

மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடும். எருமைக் கன்றுக்கு அப்படியில்லை. அது வெறுங்கையோடுதான் பிறக்கிறது. வேண்டிய சக்தி முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அந்தச் சக்தியைக் கன்றின் குடல் நன்றாக உறிஞ்சுவது முதல் சில மணி நேரம்தான். நேரம் ஆக ஆக அது குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றேவிடும். நஞ்சுக்கொடி விழுவதற்கோ 8, 10 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் பாதி வாய்ப்பு போய்விடுகிறது. உண்மையில் கன்று மடியை முட்டிக் குடித்தால் கருப்பை நன்கு சுருங்கும், கொடி விழவும் அது உதவும். 12 மணி நேரம் தாண்டியும் விழாவிட்டால் கையால் இழுக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? கன்றின் எடையில் 10இல் ஒரு பங்கு. 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 3 லிட்டர். அதில் பாதியாவது முதல் 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எழுந்து நிற்க முடியாத கன்றுக்குக் கறந்து, சுத்தமான பாட்டிலில் நிப்பிள் மாட்டிக் கொடுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். வெல்லம் போட்டு அவித்த சீம்பால் யாருக்குத்தான் பிடிக்காது? கன்று வயிறு நிறையக் குடித்தபின் மிஞ்சியதை அவியுங்கள்.

தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கட்டி, புது பிளேடால் நறுக்கி, டிங்சர் அயோடின் தடவுங்கள். சாணமும் மூத்திரமும் தேங்கிய தரையில் கன்றைப் படுக்க வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம்தான் பெரிய எதிரி. காய்ந்த வைக்கோல் பரப்புங்கள்.

எருமைக் கன்றுகளுக்கென்றே இன்னொரு ஆபத்து உருண்டைப்புழு. தாயின் பால் வழியாகவே இது கன்றின் வயிற்றுக்குள் போகிறது. களிமண் நிறத்தில் நாற்றமான கழிச்சல், உப்பிய வயிறு, சொரசொரப்பான முடி ஆகியவை இதன் அடையாளங்கள். அதற்காகப் பாலை நிறுத்தக்கூடாது. 10 முதல் 16 நாளுக்குள் முதல் குடற்புழு நீக்க மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்துவிடுங்கள்.

கடாக்கன்று என்றால் பலர் இந்தச் செலவைச் செய்வதில்லை. ஆனால் பசுவைவிட எருமை பால் இறக்கத் தாமதிக்கும். கன்று செத்துவிட்டால் பல எருமைகள் மடியைத் தொடவே விடாது. அப்புறம் ஊசி போட்டுக் கறக்கும் தவறான வழிக்குப் போக வேண்டிவரும். அரை லிட்டர் பாலை மிச்சம் பிடிக்கப் போய் அந்த ஈற்றுப் பாலையே இழப்பது கணக்கிலும் சரியில்லை.

கன்று குடிக்க மறுத்தாலோ கழிச்சல் கண்டாலோ அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். 1962 என்ற இலவச எண்ணில் அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவியும் கேட்கலாம். மருத்துவரிடம் கன்று பிறந்த நேரத்தையும் முதல் சீம்பால் குடித்த நேரத்தையும் சொல்லுங்கள்.