ஒன்றாம் வகுப்பில் ஒரு வாரம்

ஸ்ரீ விஜயபுரத்தை (2024 வரை போர்ட் பிளேர்) ஒட்டிய ஊர் கராச்சர்மா. தெருவில் பொதுவாகக் கேட்பது இந்தி. வீட்டுக்குள் போனால் தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் மக்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேரின் தாய்மொழி தமிழ். ஆறு வயதில் பள்ளிப் படியேறும் குழந்தைக்கு முதல் பரீட்சை எழுத்து அல்ல. டீச்சர் பேசுவது புரிகிறதா என்பதுதான்.

ஒன்றாம் வகுப்பில் நுழைபவர்களுக்காக 2021-ல் வந்தது என்.சி.இ.ஆர்.டி.யின் 'வித்யா பிரவேஷ்'. 12 வாரங்கள், தினமும் 4 மணி நேரம், விளையாட்டே பாடம். ஒரு வாரம் இப்படி அமையலாம்: திங்களன்று படம் காட்டிக் கதை. செவ்வாயன்று புளியங்கொட்டைகளைக் குவித்து, எந்தக் குவியல் பெரிது என்று எண்ணுதல். புதனன்று களிமண்ணில் மீனும் படகும். வியாழனன்று ஒரே ஓசையில் தொடங்கும் சொற்களைத் தேடுதல். வெள்ளியன்று, திங்கட்கிழமைக் கதையைக் குழந்தையே திரும்பச் சொல்ல வேண்டும்.

எந்த மொழியில்? சிக்கல் இங்கேதான். 'மீன்' தெரிந்த பிள்ளை, 'மச்லி' தெரியாததால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். அதற்கு 'மந்தம்' என்ற பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடும். முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. தீவுகளில் தமிழ் வழி அரசுப் பள்ளிகளும் உண்டு. ஆனால் பெற்றோர் பலரின் கண் ஆங்கில வழியின் மேல்.

எந்த வழிப் பள்ளியானாலும், வெள்ளிக்கிழமைக் கதையைக் குழந்தை முதலில் தன் மொழியில் சொல்லட்டும். கதை சொல்லத் தைரியம் வந்துவிட்டால், 'மச்லி'யும் 'ஃபிஷ்'ஷும் பின்னாலேயே வந்துவிடும்.